10 மீட்டர் ஏர் ரைஃபிள்: துளையைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

பெல்லட் (ஏர் ரைஃபிளின் சிறு ஈயக் குண்டு) பத்தை விட்டு ஒன்பதாம் வளையத்தில் விழுந்ததும், கை தானாகப் பின் சைட்டின் (கண்ணருகே உள்ள குறிபார்க்கும் கருவி) திருகுக்குப் போய்விடும். இரண்டு கிளிக் (திருகின் ஒரு சிறு படி) இந்தப் பக்கம், அடுத்த ஷாட் கெட்டதும் மூன்று கிளிக் அந்தப் பக்கம். அரை மணி நேரத்தில் துப்பாக்கி எங்கே சுடுகிறது என்பதே தெரியாமல் போகும். ஒரு துளை எதையும் சொல்லாது. ஐந்து துளை சேர்ந்தால்தான் பேசும். அதனால் கீழே உள்ள எந்தச் சோதனையையும் ஐந்து ஷாட் குரூப்பாக, அதாவது ஒரே குறியில் ஐந்து துளைகளின் கூட்டமாக, சுட்டுப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை இலக்கு அட்டையின் ஓரத்திலேயே எழுதி வையுங்கள்.

இங்கே சொல்வதெல்லாம் அழுத்தக் காற்று சிலிண்டர் உள்ள 4.5 மி.மீ. போட்டித் துப்பாக்கிகளுக்கானது. ஏர் பிஸ்டலுக்கும் பெரும்பகுதி பொருந்தும். ஸ்பிரிங் துப்பாக்கிக்குச் சிலிண்டர் பகுதி தேவையில்லை.

தொடுவதற்கு முன்

குழல் எப்போதும் இலக்குப் பக்கம். போல்ட்டை (பெல்லட் வைக்கும் அறையைத் திறந்து மூடும் பகுதி) திறந்து, அறையில் பெல்லட் இல்லை என்று கண்ணால் பார்த்து, பாதுகாப்புக் கொடியை (துப்பாக்கி காலி என்று காட்டும் வண்ண அடையாளம்) குழலில் செருகுங்கள். திருகைக் கழற்றும் வேலை, குழலைச் சுத்தம் செய்யும் வேலை எதுவானாலும் சிலிண்டரைக் கழற்றிய பிறகுதான். கழற்றிய பிறகும் உள்ளே ஒரு ஷாட்டுக்கான காற்று மிச்சம் இருக்கலாம். பெல்லட் இல்லாமல், குழலை இலக்கின் பக்கம் வைத்து ஒரு முறை ட்ரிக்கரை அழுத்தி அதை வெளியேற்றிவிடுங்கள்.

அளவுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்

ரைஃபிள் இலக்கின் நடுப்புள்ளி 0.5 மி.மீ. தான். ஒன்பதாம் வளையத்தின் குறுக்களவு 5.5 மி.மீ., கருவட்டம் முழுவதும் 30.5 மி.மீ. ஒரு வளையத்துக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 2.5 மி.மீ. பெல்லட்டின் நடு, இலக்கின் நடுவிலிருந்து 2.5 மி.மீ.க்குள் விழுந்தால் பத்து. தசமக் கணக்கில் ஒவ்வொரு 0.1 புள்ளியும் 0.25 மி.மீ. அதாவது 10.9 அடிக்கத் தலைமயிர் பருமன் கணக்கில் வேலை செய்கிறோம். ஒரு திருகு கால் சுற்று தளர்ந்தால் என்ன ஆகும் என்பது இதிலிருந்து புரியும்.

உங்கள் சைட்டின் ஒரு கிளிக் எவ்வளவு நகர்த்துகிறது என்பதை ஒரு முறை அளந்து வைத்துவிடுங்கள். ஐந்து சுடுங்கள், ஒரே பக்கம் 20 கிளிக் திருப்புங்கள், அதே குறியில் இன்னும் ஐந்து சுடுங்கள். இரண்டு குரூப்பின் நடுவுக்கும் உள்ள தூரத்தை 20-ஆல் வகுங்கள். எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதையும் பாருங்கள். சில சைட்களில் திருகின் மேல் உள்ள எழுத்து பெல்லட் போகவேண்டிய திசையைச் சொல்லும். சிலவற்றில் பெல்லட் விழுந்த திசையைச் சொல்லும். இந்த ஒரு குழப்பத்திலேயே பலரும் ஒரு பயிற்சி நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

அறிகுறி: குரூப் சின்னது, ஆனால் நடுவில் இல்லை

இதுதான் சந்தோஷமான கோளாறு. துப்பாக்கியும் ஆளும் சரி, சைட் மட்டும் விலகியிருக்கிறது. ஆனாலும் உடனே திருகாதீர்கள். நேற்று நடுவில் விழுந்தது இன்று ஏன் விலகியது என்று முதலில் பாருங்கள்.

1. பின் சைட் தண்டவாளத்தில் அதே கோட்டில் இருக்கிறதா? கழற்றி மாட்டும்போது ஒரு பல் முன்னே பின்னே போயிருக்கலாம். இடத்தைப் பென்சிலால் குறித்து வைத்தால் இந்தச் சந்தேகமே வராது.
2. கன்னம் வைக்கும் கட்டை உயரம் மாறியிருக்கிறதா? கன்னம் 2 மி.மீ. தாழ்ந்தாலும் கண் ஐரிஸ் துளையின் (பின் சைட்டில் கண் வைத்துப் பார்க்கும், அளவு மாற்றக்கூடிய துளை) நடுவுக்குக் கீழே போய்விடும்.
3. முன் சைட் வளையத்தை (குழல் முனையில், கருவட்டத்தைச் சுற்றித் தெரியும் வளையம்) பிடிக்கும் நட்டு இறுகியிருக்கிறதா?

மூன்றும் சரியென்றால் குரூப்பின் நடுவை அளந்து, கணக்குப் போட்டு, ஒரே தடவையில் திருப்புங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் துரத்த வேண்டாம்.

அறிகுறி: குரூப் மேலும் கீழுமாக நீள்கிறது

போட்டி ஏர் ரைஃபிளில் பெல்லட் விநாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் போகிறது. 10 மீட்டரைக் கடக்க 0.06 விநாடி. அதற்குள் புவியீர்ப்பு அதைச் சுமார் 17 மி.மீ. கீழே இழுத்துவிடும். வேகம் 170-இலிருந்து 165-ஆகக் குறைந்தால் இன்னும் 1 மி.மீ. கீழே. அதாவது 0.4 புள்ளி. வேகம் விநாடிக்குப் பத்து மீட்டர் குறைந்தால் ஏறக்குறைய ஒரு வளையமே போய்விடும். எனவே நீளவாக்கில் சிதறினால் முதலில் பார்க்க வேண்டியது சிலிண்டரின் அழுத்தமானி.

சிலிண்டரில் இருப்பது 200 பார் (அழுத்தத்தின் அலகு) ஆனாலும், ரெகுலேட்டர் அதைக் குறைத்து ஒரே அளவாக வால்வுக்குக் கொடுக்கிறது. ரெகுலேட்டர் வைத்திருக்கும் அளவுக்குக் கீழே சிலிண்டர் இறங்கிவிட்டால் அப்புறம் ஷாட்டுக்கு ஷாட் வேகம் சரியும். ஒவ்வொரு துளையும் முந்தையதைவிடக் கொஞ்சம் கீழே, படிக்கட்டு மாதிரி இறங்கும். இந்தப் படிக்கட்டைப் பார்த்தால் யோசிக்க ஒன்றுமில்லை, நிரப்பிவிடுங்கள். கையேட்டில் கீழ் எல்லை எழுதியிருக்கும். பொதுவாக 70 பாரை நெருங்கும்போதே நிரப்புவது நிம்மதி.

படிக்கட்டு இல்லாமல் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று மாறி மாறி விழுந்தால் மூச்சைச் சந்தேகியுங்கள். மூச்சை விட்டு, இயல்பாக நிற்கும் இடத்தில் சுட வேண்டும். ஒரு ஷாட்டுக்குப் பாதி மூச்சு, அடுத்ததுக்கு முழு மூச்சு என்றால் குழல் அதற்கேற்ப ஏறி இறங்கும். இன்னொரு காரணம் தோள்பட்டை. பட் பிளேட் (துப்பாக்கியின் பின்முனையில் தோளில் படும் தகடு) ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில் அமர வேண்டும். ஜாக்கெட்டின் தோள் மடிப்பில் ஒரு முறை உள்ளே, ஒரு முறை வெளியே என்று அமர்ந்தால் கண்ணுக்குத் தெரியாது, அட்டையில் தெரியும்.

அறிகுறி: இடம் வலமாகச் சிதறுகிறது

இங்கே பெரும்பாலும் குற்றவாளி துப்பாக்கியின் சாய்வு. துப்பாக்கியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிப்பது தவறில்லை, பலர் அப்படித்தான் பிடிக்கிறார்கள். சாய்வு மாறுவதுதான் தவறு. பெல்லட் 17 மி.மீ. விழும் என்பதால் குழல் அந்த அளவுக்கு மேல்நோக்கி அமைக்கப்பட்டிருக்கிறது. சாய்த்ததும் அந்த 17 மி.மீ.-இல் ஒரு பங்கு பக்கவாட்டுக்குப் போகிறது. 5 டிகிரி கூடுதலாகச் சாய்ந்தால் 1.5 மி.மீ. பக்கவாட்டு விலகல், 10 டிகிரிக்கு 3 மி.மீ. இடப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்கம், வலப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம். முன் சைட் குழாயில் குறுக்குப் பட்டை உள்ள வளையத்தைப் போட்டால் சாய்வு உடனே தெரியும்.

சாய்வு சரியாக இருந்தும் சிதறினால், உடல் இயல்பாகக் குறி பார்க்கும் இடம் தப்பியிருக்கிறது. சோதனை எளிது. நிலையில் நின்று குறி பாருங்கள். கண்ணை மூடி இரண்டு மூச்சு விடுங்கள். திறக்கும்போது குறி இலக்கின் வலப்பக்கம் நின்றால் உடல் அங்கேதான் போக விரும்புகிறது. கையால் தள்ளித் திருத்தினால் ட்ரிக்கர் விழும் நொடியில் தசை தளர்ந்து மறுபடி வலப்பக்கமே போகும். பாதங்களை நகர்த்துங்கள். பின்பாதத்தை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினாலே இலக்கில் நிறைய நகரும். மறுபடி கண்ணை மூடுங்கள். இதை ஒவ்வொரு பத்து ஷாட்டுக்கும் ஒரு தடவை செய்வது வீண் வேலை இல்லை. 60 ஷாட் ஓடும்போது பாதம் தரையில் நிச்சயம் நகரும்.

விரலும் ஒரு காரணம். விரலின் முதல் மடிப்பு ட்ரிக்கரைப் பக்கத்திலிருந்து தள்ளினால் துளைகள் ஒரே பக்கமாக ஒதுங்கும். நேர் பின்னால் இழுபடும் இடத்துக்கு ட்ரிக்கரின் நாக்கை நகர்த்துங்கள்.

அறிகுறி: எல்லாப் பக்கமும் சிதறல்

முதலில் துப்பாக்கியா, ஆளா என்பதைப் பிரிக்க வேண்டும். மேசையில் மணல் பையின் மேல் துப்பாக்கியை வைத்து உட்கார்ந்து சுடுங்கள். நல்ல குழலும் பொருந்திய பெல்லட்டும் இருந்தால் ஐந்து ஷாட்டும் ஒரே துளையாகத் தெரியும். வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை 6 மி.மீ. அளவுக்குள் வந்தால் துப்பாக்கி குற்றமற்றது. அப்புறம் திருகுகளைத் தொட வேண்டாம், நிலையைப் பாருங்கள். மணல் பையிலேயே 9, 10 மி.மீ. என்று விரிந்தால் இந்த வரிசையில் போங்கள்.

*திருகுகள்.* ஸ்டாக்கை (துப்பாக்கியைப் பிடிக்கும் உடற்பகுதி) குழல் பகுதியோடு சேர்க்கும் திருகு, பட் பிளேட், கன்னக் கட்டை, குழல் எடைகள், முன் சைட், பின் சைட். பொருந்தும் சாவியால் ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். அதிகம் இறுக்குவதும் கெடுதல்தான். கையேட்டில் முறுக்கு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

*துளையின் வடிவம்.* அட்டையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். தட்டைத் தலை பெல்லட் வட்டமாக, கத்தியால் வெட்டினாற்போல் துளை போடும். விளிம்பில் சாம்பல் நிற ஈய வளையம் ஒரே சீராக இருக்கும். துளை நீள்வட்டமாகவோ ஒரு பக்கம் கிழிந்தோ இருந்தால் பெல்லட் போகும் வழியில் எதையோ உரசிப் புரண்டிருக்கிறது. குழல் முனை எடை கோணலாக இருக்கலாம், முனையில் ஈயம் ஒட்டியிருக்கலாம்.

*பெல்லட்.* டப்பாவைத் திறந்து பத்து பெல்லட்டைத் தட்டையான மேசையில் பாவாடை (பெல்லட்டின் பின்பக்கத்தில் விரிந்த மெல்லிய ஓரம்) மேலே பார்த்தபடி நிறுத்தி வையுங்கள். பக்கவாட்டில் ஒரு விளக்கு. பாவாடையின் ஓரம் ஒரு பக்கம் உள்நோக்கி மடிந்தது, சின்னப் பள்ளம் விழுந்தது, ஈயத் துணுக்கு ஒட்டியது எல்லாம் நிழலில் தெரிந்துவிடும். பாவாடைதான் காற்றை அடைக்கிறது. அது வளைந்தால் காற்று ஒரு பக்கம் கசிந்து பெல்லட் கோணலாகப் புறப்படும். டப்பாவைக் குலுக்காதீர்கள், கீழே போடாதீர்கள். கீழே விழுந்த டப்பாவைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள்.

தலை அளவும் முக்கியம். 4.48, 4.49, 4.50, 4.51, 4.52 மி.மீ. என்று விற்பனைக்கு உண்டு. எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. உங்கள் குழலுக்கு எது பிடிக்கும் என்பதுதான் கேள்வி. ஒவ்வோர் அளவிலும் ஐந்து ஷாட் குரூப் மூன்று மணல் பையில் சுட்டு, சிறிய சராசரி தரும் அளவை வாங்குங்கள். ஒரே பெயர், ஒரே அளவு என்றாலும் தயாரிப்புத் தொகுதி மாறினால் நடத்தை மாறும். நன்றாகச் சுட்ட தொகுதியின் எண்ணைக் குறித்து, அதிலேயே சில டப்பாக்கள் சேர்த்து வாங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

*குழலின் சுத்தம்.* ஏர் ரைஃபிள் குழலில் வெடிமருந்துக் கரி இல்லை. மெல்லிய ஈயப் படிவு மட்டுமே. ஃபெல்ட் பெல்லட் (குழலைத் துடைக்கும் அடர்ந்த கம்பளிக் கட்டி) போதும், பித்தளைத் தூரிகை வேண்டாம். குழலுக்கென்று உள்ள எண்ணெயை ஒரு துளி இட்ட ஃபெல்ட் ஒன்று, பிறகு உலர்ந்த ஃபெல்ட் கறுப்பு வருவது நிற்கும் வரை. சுத்தம் செய்த பிறகு முதல் சில ஷாட்கள் விலகத்தான் செய்யும். பத்துப் பதினைந்து சுட்ட பிறகே குரூப்பைக் கணக்கில் எடுங்கள். போட்டிக்கு முந்தைய இரவு சுத்தம் செய்வதைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான்.

அறிகுறி: ஒன்பது ஷாட் நல்லது, ஒன்று மட்டும் எங்கோ

அந்த ஒன்றைச் சுட்டபோது எவ்வளவு நேரம் பிடித்திருந்தீர்கள்? குறி நிலைத்த பின் 8 விநாடிக்கு மேல் இழுத்தால் கண் பழைய காட்சியையே பார்த்துக்கொண்டிருக்கும், தசை நடுங்கத் தொடங்கும். எட்டு விநாடிக்குள் ட்ரிக்கர் போகவில்லை என்றால் துப்பாக்கியை இறக்குங்கள். இறக்குவது தோல்வி இல்லை. நல்ல ஷாட்டைப் போலவே அதையும் பயிற்சி செய்ய வேண்டும். ஷாட் போன பிறகும் ஓரிரு விநாடி குறியிலேயே இருங்கள். ட்ரிக்கர் விழுந்த நொடியில் வளையம் எங்கே இருந்தது என்று சொல்ல முடிந்தால், துளை அங்கே இல்லாதபோது பெல்லட்டைச் சந்தேகிக்கலாம். சொல்ல முடியவில்லை என்றால் காரணம் பார்வையில் இருக்கிறது.

அறிகுறி: சிலிண்டரில் காற்று நிற்கவில்லை

கசிவு என்று முடிவு கட்டுமுன் வெப்பத்தைக் கணக்கில் எடுங்கள். வேகமாக நிரப்பினால் சிலிண்டர் சூடாகும், ஆறியதும் முள் இறங்கும். 30 டிகிரி அறையில் 200 பார் காட்டும் சிலிண்டர் 20 டிகிரியில் 193 பார்தான் காட்டும். இது கசிவு இல்லை.

உண்மையான கசிவைப் பிரித்தறிய இரண்டு இரவு போதும். முதல் இரவு சிலிண்டரைத் துப்பாக்கியிலிருந்து கழற்றித் தனியே வையுங்கள். இரண்டாம் இரவு மாட்டி வையுங்கள். இரண்டு தடவையும் ஒரே வெப்பநிலையில் முள்ளைக் குறியுங்கள். தனியே இருந்தபோதே இறங்கினால் சிலிண்டரின் வால்வோ அழுத்தமானியோ கசிகிறது. மாட்டியபோது மட்டும் இறங்கினால் இணைப்பு ஓ-ரிங்கோ (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) துப்பாக்கியின் உள்வால்வோ காரணம். சோப்பு நுரையைச் சின்னத் தூரிகையால் சிலிண்டர் இணைப்பில் தடவினால் குமிழி வந்து காட்டிக்கொடுக்கும். குழல் முனையில் விரலையோ முகத்தையோ வைத்துச் சோதிக்கவே கூடாது.

இணைப்பு ஓ-ரிங்கை நீங்களே மாற்றலாம். உலோகக் கூர்முனையால் கிளறினால் பள்ளத்தில் கீறல் விழும், மரக்குச்சியால் எடுங்கள். புதியதில் சிலிகான் கிரீஸ் மிக மெல்லியதாக. சாதாரண எந்திர எண்ணெய் உயர் அழுத்தக் காற்றோடு சேர்ந்தால் தீப்பற்றும் ஆபத்து உண்டு, அது அந்தப் பக்கமே வரக்கூடாது. சிலிண்டரைக் கையால் மட்டும் இறுக்குங்கள். வால்வு, ரெகுலேட்டர், அழுத்தமானி மூன்றையும் வீட்டில் பிரிக்காதீர்கள்.

நிரப்புவது உலர்ந்த காற்றால் மட்டுமே. ஆக்சிஜன் எந்த நிலையிலும் கூடாது, வெடிக்கும். சிலிண்டரின் மேல் பொறித்த தேதியையும் பாருங்கள். பல தயாரிப்பாளர்கள் 10 ஆண்டு மட்டுமே அனுமதிக்கிறார்கள். போட்டியில் தேதிக்குப் பொறுப்பு சுடுபவருடையது.

அறிகுறி: ட்ரிக்கர் சரியில்லை

அழுத்தினால் 'டிக்' என்று மட்டும் கேட்டு காற்று வரவில்லையா? டிரை ஃபயர் (காற்றும் பெல்லட்டும் இல்லாமல் ட்ரிக்கரை மட்டும் அழுத்திப் பழகுவது) நெம்புகோல் பயிற்சி நிலையில் இருக்கும். இதற்காகத் துப்பாக்கியைப் பழுதுபார்க்கக் கொண்டுபோகிறவர்கள் உண்டு.

முதல் கட்டமே (ஷாட் போவதற்கு முன் ட்ரிக்கர் லேசாக நகரும் தூரம்) இல்லாமல் தொட்டவுடன் ஷாட் போகிறது என்றால் முதல் கட்டத் தூரத் திருகு மிகவும் உள்ளே போயிருக்கிறது. கால் சுற்று வெளியே எடுத்து, டிரை ஃபயரில் பத்து முறை அழுத்திப் பாருங்கள். முதல் கட்டம் முடிந்து சுவரில் மோதுவது தெளிவாக உணரப்பட வேண்டும். ஏர் பிஸ்டலில் ட்ரிக்கர் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. குழலைச் செங்குத்தாக நிறுத்தி, ட்ரிக்கரில் அந்த எடையைத் தொங்கவிட்டுத் தூக்கும்போது, ட்ரிக்கர் விழாமல் எடை எழ வேண்டும். ரைஃபிளுக்கு அப்படிக் குறைந்தபட்ச எடை விதி இல்லை என்பதற்காக இறகு மாதிரி வைக்காதீர்கள். குளிரில் விரல் மரத்தால் ஷாட் தானாகப் போகும்.

விரல் படாமல், லேசாகத் தட்டியதற்கே ஷாட் போனால் அங்கேயே நிறுத்துங்கள். சிலிண்டரைக் கழற்றி, துப்பாக்கிப் பழுது தெரிந்தவரிடம் கொடுங்கள். அதைத் திருகால் சரிசெய்யப் பார்க்க வேண்டாம்.

அறிகுறி: பெல்லட் உள்ளே சிக்கிவிட்டது

இன்னொரு பெல்லட்டை வைத்து அதைத் தள்ளிவிடலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டும் சிக்கும். சிலிண்டரைக் கழற்றி, காற்றை வெளியேற்றி, போல்ட்டைத் திறந்து, குழலுக்குப் பொருந்தும் உறையிட்ட கம்பியால் முனைப் பக்கத்திலிருந்து மெதுவாகப் பின்னால் தள்ளுங்கள். வெளியே வந்ததைப் பாருங்கள். பாவாடை நசுங்கியிருந்தால் பெல்லட் கோணலாக வைக்கப்பட்டிருக்கிறது. அடிக்கடி இப்படி ஆனால் பெல்லட்டைத் தள்ளும் ஊசியும் அதன் ஓ-ரிங்கும் தேய்ந்திருக்கின்றன.

அறிகுறி: குறி மங்கல்

இலக்கு கொஞ்சம் மங்கலாகத் தெரிவது இயல்பு. கூர்மையாகத் தெரிய வேண்டியது முன் சைட் வளையம். வளையமும் மங்கினால் ஐரிஸ் துளையை 1.0 முதல் 1.2 மி.மீ.க்குள் வைத்துப் பாருங்கள். மிகச் சிறியதாக்கினால் வெளிச்சம் குறைந்து கண் சீக்கிரம் களைக்கும். முன் வளையம் கருவட்டத்தைச் சுற்றித் தெளிவான வெள்ளை இடைவெளி விட வேண்டும். இடைவெளி மயிரிழையாக இருந்தால் அசைவு பெரிதாகத் தெரிந்து, மனம் பயந்து, ட்ரிக்கரை இழுக்காமல் காத்திருக்கும். 0.2 மி.மீ. பெரிய வளையம் போட்டாலே பலருக்கு விரல் விடுதலையாகிறது. சுடாத கண்ணை இறுக்கி மூடாதீர்கள், வெண்மறைப்பு (அந்தக் கண்ணின் முன் வைக்கும் வெள்ளைத் தகடு) வைத்துத் திறந்தே வையுங்கள். ஷாட்டுக்கு நடுவே பிரகாசமான திரையை உற்றுப் பார்ப்பதும் காட்சியைக் கெடுக்கும்.

அறிகுறி: மின்னணு இலக்கில் ஷாட் பதிவாகவில்லை

ஒலியால் அளக்கும் இலக்குகளில் காகிதச் சுருளோ ரப்பர் பட்டையோ நகராமல் நின்றிருந்தால், பெல்லட் பழைய துளை வழியே போய் ஒலி எழாது. திரை சுழியம் காட்டும், அல்லது எதுவும் காட்டாது. சரிபார்க்க இன்னொரு ஷாட் சுடாதீர்கள். சுட்டால் எந்த ஷாட் எது என்று நடுவராலும் பிரிக்க முடியாது. போல்ட்டைத் திறந்து, துப்பாக்கியை இலக்கை நோக்கிக் கீழே வைத்து, கையை உயர்த்தி அவரைக் கூப்பிடுங்கள்.